பெரிய வேனா, சின்ன வேனா: எடை போட்டுப் பார்த்து எடுத்த முடிவு

பன்னிரண்டு வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். அதில் ஒன்பது வருடம் ஒரே வேனில் ஓடியது. சின்ன வேன், அதிலும் குட்டையான மாடல். இன்ஜின் இன்னும் நன்றாக இருக்கிறது. தரைத்தகடுதான் துருப்பிடித்து இரண்டு இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும் என்றதும் மனதில் முதலில் வந்தது பெரிய வேன்தான். உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், எல்லாச் சாமானையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். என்னோடு வேலை செய்யும் தம்பியும் அதையேதான் சொன்னான்: "அண்ணே, இந்தத் தடவை பெருசாவே எடுத்துருவோம். தினமும் குனிஞ்சு குனிஞ்சு முதுகு போச்சு."

நானும் பாதி முடிவு செய்துவிட்டேன். பழைய வேனைக் கொடுப்பதற்கு முன், அதில் என்னதான் இருக்கிறது என்று ஒருமுறை எடை போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. அப்படி ஆரம்பித்த வேலை இரண்டு மாதம் நீண்டது. கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்திருந்தால் நிறைய அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

எடை மேடையில்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சின்னத் தகடு இருக்கும். என் வேனில் அதில் வேன், ஆள், டீசல், சாமான் எல்லாம் சேர்த்து 1,980 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. முன் அச்சுக்கு 1,000, பின் அச்சுக்கு 1,100 என்று தனித்தனி வரம்பும் உண்டு. ஒன்பது வருடத்தில் அந்தத் தகட்டை நான் படித்ததே இல்லை.

வழக்கமாக வேலைக்குக் கிளம்பும் நிலையிலேயே, டேங்க் நிரப்பி, நான் மட்டும் உட்கார்ந்து, எடை மேடைக்கு ஓட்டிப் போனேன். முன் சக்கரம் மட்டும் மேடையில் ஏறியதும் ஒரு எடை, முழு வண்டியும் ஏறியதும் ஒரு எடை, முன் சக்கரம் இறங்கியதும் ஒரு எடை. மூன்று சீட்டு. முன் அச்சு 880, பின் அச்சு 1,160, மொத்தம் 2,040 கிலோ.

அதாவது தம்பி ஏறுவதற்கு முன்பே 60 கிலோ அதிகம். பின் அச்சிலும் 60 கிலோ அதிகம். உள்ளே எட்டிப் பார்த்தால் பாதி இடம் காலியாகத்தான் தெரிந்தது. பின்பக்க டயர் ஏன் சீக்கிரம் தேய்கிறது, இறக்கத்தில் பிரேக் ஏன் மெதுவாகப் பிடிக்கிறது என்று அத்தனை நாள் மெக்கானிக்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் கதவுத் தூணிலேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் இறக்கினேன். குளியலறையில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். பெட்டியைக் கையில் பிடித்தபடி ஏறி நின்று, என் எடையைக் கழித்தால் பெட்டியின் எடை. நோட்டில் எழுதியது இது: ஆங்கிள் இரும்பில் வெல்டிங் செய்த ரேக் 118 கிலோ. கைக்கருவிப் பைகள் 46. டிரில், கிரைண்டர் வகையறா 58. பைப்பில் மரை வெட்டும் த்ரெட்டிங் மெஷின் 62. எல்போ, டீ, யூனியன், வால்வு என்று பித்தளையும் இரும்புமாக ஃபிட்டிங்ஸ் மட்டும் 171. பைப்புகள் 54. சிமென்ட் மூட்டை 50. ஏணி 19. தண்ணீர் கேன் 20. கடைசியாக, 'எதற்கும் இருக்கட்டும்' என்று சேர்ந்துபோன குவியல் 52. கூட்டினால் 650 கிலோ.

மரவேலைக்காரர், பெயின்டர், காற்றுக்குழாய் (டக்ட்) போடுபவர் ஆகியோருக்குப் பெரும்பாலும் இடம்தான் முதலில் தீரும். குழாய் வேலைக்காரருக்கும் டைல்ஸ் ஒட்டுபவருக்கும் எடை முதலில் தீரும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் கன மீட்டர் கணக்கைப் பார்த்து வேன் வாங்கினால், இருக்கிற இடம் முழுக்க நிரப்பத்தான் கை போகும். நான் பெரிய வேன் எடுத்திருந்தால் நிச்சயம் அப்படித்தான் செய்திருப்பேன்.

நீல டேப் வைத்து இருபது நாள்

அடுத்ததாக ஒவ்வொரு பெட்டியிலும் கருவியிலும் ஒரு துண்டு நீல டேப் ஒட்டினேன். வேலைக்கு எடுத்தால் டேப்பைக் கிழித்துவிட வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு சின்ன நோட்டு: அன்று எத்தனை இடத்துக்குப் போனோம், வேனை வாசலில் நிறுத்த முடிந்ததா, எவ்வளவு தூரம் நடந்தோம். தம்பிக்கு முதல் இரண்டு நாள் இது எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அவனே எழுதத் தொடங்கிவிட்டான்.

இருபது வேலை நாள் முடிந்ததும் பார்த்தால், த்ரெட்டிங் மெஷினை இரண்டே நாள்தான் இறக்கியிருக்கிறோம். 171 கிலோ ஃபிட்டிங்ஸில் உண்மையில் செலவானது 14 கிலோ. 'எதற்கும் இருக்கட்டும்' குவியலிலிருந்து மூன்று பொருள் வெளியே வந்திருந்தது. அந்த 62 கிலோ மெஷினைப் பதினெட்டு நாள் சும்மா ஊர் சுற்றிக் காட்டியிருக்கிறேன் என்று புரிந்தபோது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அதற்கும் சேர்த்துத்தான் பிரேக் தேய்ந்தது.

நிறுத்தங்களின் கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. இருபது நாளில் 58 இடம். ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று. அதில் 13 தடவை அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைக்கீழ் வாகன நிறுத்தத்தில் விட்டிருக்கிறோம். இந்த மாதிரி இடங்களின் நுழைவு உயரம் பெரும்பாலும் 2 மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். சின்ன வேன்களின் உயரம் சுமார் 1.85 மீட்டர். உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய பெரிய வேனோ 2.5 மீட்டரைத் தொடும். அந்த 13 இடத்திலும் பெரிய வேனைத் தெருவில்தான் விட வேண்டியிருந்திருக்கும்.

தரையில் வரைந்து பார்த்தது

கம்பெனி விளம்பரத் தாளில் போட்டிருக்கும் கன அளவை வைத்து எதையும் கற்பனை செய்ய முடியாது. எங்கள் பட்டறைத் தரையில் டேப் ஒட்டி இரண்டு வேனின் தரையையும் முழு அளவில் வரைந்தேன். நடுத்தர நீளப் பெரிய வேனுக்கு ஃபியட் டுகாட்டோவின் அளவை எடுத்துக்கொண்டேன்: சரக்குத் தரை நீளம் 3.12 மீட்டர், அகலம் 1.87, உள் உயரம் 1.93. மொத்தம் 11.5 கன மீட்டர். சின்ன வேன்களில் நீளமான மாடலுக்கு நீளம் 2.2, அகலம் 1.5, உயரம் 1.2 மீட்டர் என்று வைத்தேன். ஃபோக்ஸ்வாகன் கேடி, ரெனோ காங்கூ, சிட்ரோயன் பெர்லிங்கோ வகையறாவின் நீள மாடல்கள் எல்லாம் இதை ஒட்டித்தான் வரும்.

டேப்புக்குள் பின் சக்கரம் உள்ளே புடைத்து நிற்கும் மேட்டுக்கு அட்டைப்பெட்டி வைக்க மறந்துவிடாதீர்கள். பலகைச் சாமான் ஏற்றுபவர்களுக்கு அந்த இரண்டு மேட்டுக்கும் இடையிலான அகலம்தான் உயிர்நாடி. முழு பிளைவுட் ஷீட் 1,220 க்கு 2,440 மில்லிமீட்டர். டுகாட்டோவில் அந்த இடைவெளி 1,422 என்பதால் ஷீட் படுத்தபடி உள்ளே போய்விடும். சின்ன வேன்களில் அது 1,200 ஐ ஒட்டி இருக்கும். சில மாடல்களில் மட்டும் மயிரிழையில் நுழையும், நீளத்தில் எப்படியும் வெளியே நீட்டும். வாரத்தில் இரண்டு நாளாவது முழு ஷீட் ஏற்றுபவர் என்றால், இந்தப் பத்தியோடு உங்கள் முடிவு முடிந்தது. பெரியதையே எடுங்கள்.

எனக்குப் பைப்தான் பிரச்சினை. 3 மீட்டர் பைப் பெரிய வேனில் நேராக வைத்தாலே கதவு சாத்திக்கொள்ளும். சின்ன வேனில் இதற்கென்றே ஒரு வழி இருக்கிறது: பக்கத்து இருக்கையை மடக்கினால், இருக்கைகளுக்கும் சரக்குப் பகுதிக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகட்டில் ஒரு திறப்பு வரும், அதன் வழியாகப் பைப் முன்பக்கம் வரை நீளும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இருக்கையில்தான் தம்பி உட்கார வேண்டும். இரண்டு பேர் போகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

இந்த இரண்டுக்கும் நடுவிலும் வேன்கள் உண்டு. டொயோட்டா ஹையேஸின் மூக்கில்லாத மாடல் மாதிரி இன்ஜின் மேலேயே ஓட்டுநர் உட்காரும் அமைப்பில் முன்பக்க மூக்கு மிச்சமாகிறது. அதனால் மொத்த நீளம் சுமார் 4.7 மீட்டராக இருந்தாலும் சரக்குத் தரை கிட்டத்தட்ட 3 மீட்டர் கிடைக்கும். எனக்குக் கிடைத்த பழைய வண்டிகளில் நல்ல நிலையில் ஒன்றும் அமையவில்லை. அமைந்திருந்தால் கதையே மாறியிருக்கலாம். வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். நிசான் என்வி200, ராம் ப்ரோமாஸ்டர் சிட்டி, ஃபோர்ட் ட்ரான்சிட் கனெக்ட் மூன்றும் 2021 முதல் 2023 க்குள் ஒவ்வொன்றாக அந்தச் சந்தையை விட்டுப் போய்விட்டன. அங்கே சின்ன வேன் என்றால் பெரும்பாலும் பழைய வண்டிதான்.

ஐந்து நாள் பெரிய வேன்

வரைந்து பார்த்தும் மனம் ஆறவில்லை. உயரமான கூரையுள்ள பெரிய வேனை ஐந்து நாள் வாடகைக்கு எடுத்தோம்.

முதல் நாள் மழை. வேனுக்குள்ளேயே நின்று பைப் வெட்டி, ஒட்டி, பாதி வேலையை முடித்தோம். அந்த சுகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்று மாலை எனக்கு இடுப்பு வலி இல்லை. தம்பி, "இதாண்ணே வேலை செய்யுற வண்டி" என்றான். ஒரே சைட்டில் வாரக்கணக்கில் நிற்கிறவர்களுக்கு வேனே பட்டறை. அவர்களுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாம் நாள் மூன்று இடம். முதல் இடத்தில் தரைக்கீழ் நிறுத்தத்தின் உயரக் கம்பியைப் பார்த்துத் திரும்பினோம். தெருவில் இடம் கிடைத்தது 400 மீட்டர் தள்ளி. ஒரு வாஷ்பேசின் இணைப்பை மாற்றும் வேலை, முக்கால் மணி நேரத்தில் முடிய வேண்டியது. வாஷர் அளவு மாறிப்போனதற்கு ஒரு நடை, ரெஞ்ச் மறந்ததற்கு ஒரு நடை. நான்கு முறை போய் வந்தான் தம்பி. ஒரு முறைக்கு 800 மீட்டர் என்றால் 3 கிலோமீட்டருக்கு மேல். நான்காம் நாளும் இதே கதை. வண்டியின் நீளம் 5.4 மீட்டர், கோடு போட்ட நிறுத்தக் கட்டங்களோ பெரும்பாலும் 5 மீட்டருக்குள்தான். மூக்கோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டே நின்றது.

அந்த ஐந்து நாளில் 14 இடம் போனோம். வாசலிலேயே நிறுத்த முடிந்தது ஆறு இடத்தில்.

இன்னொன்றையும் அந்த வாரத்தில்தான் புரிந்துகொண்டேன். வேன் பெரிதாக ஆக அதிக எடை ஏற்றலாம் என்று நினைத்திருந்தேன். ஒரே மாடலில் நீளத்தையும் கூரை உயரத்தையும் கூட்டினால் வேனின் சொந்த எடையும் கூடுகிறது, மொத்த எடை வரம்போ அப்படியே நிற்கிறது. ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டக்கூடிய வரம்பு 3,500 கிலோ என்பதால் பல பெரிய வேன்கள் அதற்குள்தான் பதிவாகின்றன. இடம் கூடக் கூட ஏற்றக்கூடிய எடை குறையும். பேட்டரி வேன் என்றால் பேட்டரியின் எடையும் அந்த வண்டியின் மொத்த எடை வரம்புக்குள்தான் சேரும். கடையில் கேட்டால் கன மீட்டரைச் சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, இந்தக் குறிப்பிட்ட வண்டி, இந்தக் கூரையோடு, இந்த இருக்கைகளோடு, எத்தனை கிலோ ஏற்றும் என்பதை.

முடிவும், ரேக் கட்டியதும்

எடையைக் குறைத்துவிட்டு, நீளமான சின்ன வேன் எடுப்பது என்று முடிவானது. தம்பிக்கு இரண்டு நாள் மனசே இல்லை. அவனுடைய முதுகு வலி பொய்யில்லை என்பதால், குனிந்து உள்ளே நுழையாமலே எல்லாவற்றையும் கதவருகில் நின்று எடுக்கும்படி ரேக்கைக் கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வாங்கியதும் காலி வேனையே மீண்டும் மேடையில் ஏற்றினேன். கடைக்காரர் கொடுத்த தாளில் சொந்த எடை 1,480. மேடையில் என்னோடும் முழு டேங்கோடும் 1,512. தகட்டில் இருந்த வரம்பு 2,260. ஆக என் கையில் இருந்தது 748 கிலோ.

பின்கதவில் ஒரு தேர்வு இருந்தது. மேலே தூக்கும் ஒற்றைக் கதவு மழைக்குக் குடையாக நிற்கும், ஆனால் பின்னால் சுவரை ஒட்டி நிறுத்தினால் திறக்கவே முடியாது. இரண்டு பக்கமும் விரியும் இரட்டைக் கதவுக்கு அந்தத் தொல்லை குறைவு. நெருக்கமான இடங்களில் நிறுத்துகிறவன் என்பதால் இரட்டைக் கதவை எடுத்தேன். பக்கத்துச் சறுக்குக் கதவு நடைபாதைப் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். தெருப் பக்கம் இறங்கிச் சாமான் எடுப்பது ஆபத்து.

தரைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டேன், எடை 22 கிலோ. முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, அதை வைத்துப் பலகையைக் குறித்தேன். சக்கர மேட்டின் வளைவை நேரடியாகப் பலகையில் அளந்து வெட்ட முயன்று ஒரு முழு ஷீட்டை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

ரேக்கின் சட்டம் அலுமினியம், தட்டுகள் 9 மில்லிமீட்டர் பிளைவுட். பழைய 118 கிலோவுக்குப் பதில் 64 கிலோவில் முடிந்தது. வேனின் பக்கச் சுவரில் கம்பெனியே விட்டிருந்த மரையுள்ள துளைகள் எட்டு இருந்தன. முடிந்தவரை அவற்றையே பயன்படுத்தினேன். மீதி இடத்தில் துளையிட்டு, தகட்டிலேயே இறுகி நிற்கும் மரையுள்ள ரிவெட் நட் அடித்தேன்.

தரையில் துளை போடும்போது ஒரு இடத்தில் தப்பித்தேன். நான்காவது துளைக்கு டிரில்லை வைத்துவிட்டு, ஏதோ தோன்றி, கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நேர் கீழே பிரேக் குழாய். ஒரு விரல் அகலம்கூட இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு துளைக்கும் முன்னால் கீழே பார்க்காமல் டிரில்லைத் தொடவில்லை. பிட்டில் மரத்துண்டு செருகி, தகட்டைத் தாண்டி 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் தடுத்தேன். துளையின் விளிம்பு ஒவ்வொன்றிலும் துத்தநாக ப்ரைமர் இரண்டு பூச்சு. பழைய வேனின் துரு ஆரம்பித்ததே பூசாமல் விட்ட துளைகளிலிருந்துதான்.

எடையை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.7 மீட்டர் உள்ள வேனில், பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் அச்சுக்குப் போவது 118 கிலோ. நெம்புகோல் மாதிரி முன் அச்சில் 18 கிலோ தூக்கிவிடும், ஸ்டியரிங் லேசாகும். பழைய வேனில் எடுக்க வசதி என்று ஃபிட்டிங்ஸ் பெட்டிகளைப் பின்கதவு ஓரத்தில் அடுக்கியிருந்தேன், அதனால்தான் பின் அச்சு வரம்பைத் தாண்டியது. இப்போது அவை சறுக்குக் கதவுக்கு நேரே, தடுப்புத் தகட்டை ஒட்டி, அடித்தட்டில். பின்கதவுப் பக்கம் லேசான பிளாஸ்டிக் ஃபிட்டிங்ஸ், டேப், சீலன்ட் மட்டும்.

தட்டுகளின் முன்பக்கம் 50 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தடுப்புப் பட்டை வைத்தேன். ரேக்கையும் கனமான பெட்டிகளையும் கட்டும்போது ஐரோப்பியத் தரநிலை சொல்லும் கணக்கை எடுத்துக்கொண்டேன்: முன்பக்கம் சரக்கின் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டிலும் பின்புறமும் 50 சதவீத விசையையும் கட்டு தாங்க வேண்டும். 60 கிலோ பெட்டி என்றால் முன்னோக்கி 48 கிலோ இழுப்பு. இது திடீர் பிரேக்குக்குத்தான், மோதலுக்கு இல்லை. அதனால் தடுப்புத் தகட்டில் ஜன்னலோ திறப்போ இல்லாத முழுத் தகட்டையே கேட்டு வாங்கினேன். பைப் திறப்பு போனது போகட்டும்.

பைப்புக்குக் கூரையில் இரண்டு குறுக்குக் கம்பியும், மூடியுள்ள நீளக் குழாய் ஒன்றும் பொருத்தினேன். கையேட்டில் கூரையின் எடை வரம்பு தனியாக இருக்கும், கம்பிகளின் எடையும் அதற்குள் சேரும். கூரைக் குழாயோடு வேனின் உயரம் 2 மீட்டருக்குள் நிற்கிறதா என்று தரையிலிருந்து அளந்த பிறகுதான் நட்டை முறுக்கினேன்.

மறுபடி மேடை

ஃபிட்டிங்ஸ் 80 கிலோவாகக் குறைந்தது. த்ரெட்டிங் மெஷின் பட்டறையில் இருக்கிறது, தேவைப்படும் நாளில் மட்டும் ஏறும். சிமென்ட் நேராகச் சைட்டுக்கே வந்துவிடுகிறது. குவியலில் 7 கிலோதான் மிச்சம். 650 கிலோ இருந்த இடத்தில் ரேக்கோடு சேர்த்து இப்போது 348. மேடையில் என்னோடும் தம்பியோடும் 1,952 கிலோ, பின் அச்சு 1,020. அந்த அச்சின் வரம்பு 1,250. மொத்தத்தில் 308 கிலோ இன்னும் ஏற்றலாம்.

மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். இரண்டு முறை பெரிய வேன் வாடகைக்கு எடுக்க வேண்டி வந்தது, இரண்டுமே முழுக் குளியலறை மாற்றும் வேலை, தொட்டியும் கதவும் சேர்ந்து வந்தன. மழை நாளில் அந்தப் பெரிய வேனை இன்னமும் நினைத்துக்கொள்கிறேன், அதற்கு இரட்டைக் கதவுக்கு மேல் மாட்டும் தார்ப்பாய் ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன். தம்பி இப்போது நின்றபடியே கையை நீட்டி எடுக்கிறான். மேல்தட்டு மட்டும் அவனுக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறதாம். வரும் ஞாயிறு அதை 80 மில்லிமீட்டர் முன்னுக்கு இழுத்துப் பூட்டித் தர வேண்டும்.